மேலே பட்டா, கீழே பாடை

வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகிறவரிடம் நம் அரசாங்கம் கேட்காத கேள்வி கிடையாது. பட்டா எங்கே, சிட்டா எங்கே, தாய்ப்பத்திரம் எங்கே, முப்பது வருஷத்து வில்லங்கம் எங்கே, புல வரைபடம் எங்கே, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, முன்னால் ரோடு எத்தனை அடி, பக்கவாட்டில் எத்தனை அடி விட்டிருக்கிறாய், செப்டிக் டேங்க் எந்த மூலையில் வருகிறது? பத்திரத்தில் கிழக்கே யார், மேற்கே யார், வடக்கே எந்த வாய்க்கால், தெற்கே எந்தப் புறம்போக்கு என்று நாலு எல்லையையும் ஒப்பித்தாக வேண்டும். இத்தனையும் கேட்டு முத்திரை குத்துகிற அரசாங்கத்துக்கு, அந்த மனைக்குக் கீழேயும் மனிதர்கள் இருப்பார்கள் என்பது மட்டும் தோன்றுவதில்லை.

சமவெளிக்காரர்களுக்கு இது விளங்காமல் போகலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை, பிறகு இந்த மலைகளின் அடிவாரத்தில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற ஊர்கள். இங்கெல்லாம் மனை என்றால் சரிவுதான். மேட்டு மனைக்காரர் மண்ணைக் கொட்டி நிரவுவார். கொட்டிய மண் சரியாமல் இருக்க ஒரு சுவர் எழுப்புவார். அதுதான் தடுப்புச்சுவர்; மேஸ்திரிகள் வாயில் 'ரீட்டைனிங்'. சுவர் நிற்பது மேல்வீட்டுக்காரரின் பட்டாவில். சாய்ந்தால் விழுவது கீழ்வீட்டுக்காரரின் பாயில். அனுமதி வாங்குகிறவர் ஒருவர், அடி வாங்குகிறவர் இன்னொருவர். இந்த ஏற்பாட்டைத்தான் நாம் கட்டட விதிகள் என்று அழைக்கிறோம்.

அடிவாரத்து ஊர் ஒன்றின் அலுவலக ஜன்னலில் என் காதால் கேட்டது:

"பின்னாடி ஒரு சுவர் கட்டணுங்க. பன்னெண்டு அடி."

"காம்பவுண்டுங்களா?"

"காம்பவுண்டு இல்லீங்க. நம்ம பக்கம் மண்ணு நிக்குது, அந்தப் பக்கம் பள்ளத்துல வீடு இருக்குது. ரீட்டைனிங்."

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பேனாவை மூடி வைத்தார். "காம்பவுண்டுன்னே போட்டுக்குங்க. ரீட்டைனிங்னு போட்டீங்கன்னா டிராயிங் கேப்பாங்க, இன்ஜினியர் கையெழுத்து கேப்பாங்க, ஃபைல் மேல போயிரும். மேல போச்சுன்னா கீழ வராதுங்க."

ஃபைல் கீழே வராது. சுவர் வந்துவிடும்.

அவரை நான் வில்லனாக்கப் பார்க்கவில்லை. கை நீட்டவில்லை, காக்க வைக்கவில்லை, வந்தவரை 'உட்காருங்க' என்றுகூடச் சொன்னார். சேவை மனப்பான்மையோடு ஒரு கொலைக்கருவிக்குப் பெயர் மாற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான். விண்ணப்பதாரரும் கும்பிட்டுவிட்டுப் போனார். பள்ளத்து வீட்டில் அந்த நேரம் யாரோ சோறு வடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

காம்பவுண்டுக்கும் தடுப்புச்சுவருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: காம்பவுண்டுக்கு இரண்டு பக்கமும் காற்று. தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு, அடிக்கிற காற்றுக்கு அசையாமல் நின்றால் போதும். தடுப்புச்சுவருக்கு ஒரு பக்கம் மண். அந்த மண் ராத்திரி பகல் பாராமல், ஞாயிற்றுக்கிழமை லீவு போடாமல், தள்ளிக்கொண்டே இருக்கிறது. 5 அடிச் சுவரைத் தள்ளுவதைப்போல 4 மடங்குதான் 20 அடிச் சுவரைத் தள்ளும் என்று நாம் நினைப்போம். மண்ணுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. உயரம் 4 மடங்கானால் தள்ளுகிற விசை 16 மடங்காகும். சுவரை அடியோடு குப்புறக் கவிழ்க்கிற திருப்பம் 64 மடங்காகும். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிற பையன் பரீட்சையில் எழுதிப் பாஸாகிற கணக்கு இது. அதே பையன் வேலைக்கு வந்து சீட்டில் உட்கார்ந்ததும் மறந்துபோகிற கணக்கும் இதுவே.

இதெல்லாம் காய்ந்த மண்ணுக்கு. மழை பெய்து சுவரின் முதுகுப் பக்கம் தண்ணீர் தேங்கிவிட்டால், மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து நெட்டும். விசை இரட்டிப்பையும் தாண்டும். அதனால்தான் சுவரில் துளை விட்டு, பின்னால் மண்ணுக்குப் பதில் ஜல்லியும் உடைகல்லும் நிரப்பி, தண்ணீருக்கு வழி விடச் சொல்கிறார்கள். மலைப்பகுதித் தடுப்புச்சுவர்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1998ல் ஐ.எஸ். 14458 என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. எந்த உயரத்துக்கு எந்த வகைச் சுவர், எங்கே கல், எங்கே கான்கிரீட் என்று எல்லாம் அதில் உண்டு. அதைத் தயாரித்தவர்கள் மெனக்கெட்டிருக்கிறார்கள். படிக்க வேண்டியவர்கள் மெனக்கெடவில்லை.

குன்னூர்ப் பக்கம் ஒரு புது வீட்டின் சுவரை நெருங்கிப் பார்த்தேன். கருங்கல் கட்டு, ஒன்றரை ஆள் உயரம். மேஸ்திரி வேலை தெரிந்தவர். மூன்று வரிசையாக பிவிசி குழாய் விட்டிருந்தார், சாய்வு கூடச் சரியாக இருந்தது. ஒவ்வொரு குழாயின் வாயிலும் சிமென்ட் அப்பியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "மழைக்குச் செம்மண் தண்ணி வடிஞ்சு பெயிண்டு பூராம் கறையாகுதுன்னு ஓனரம்மா அடைக்கச் சொல்லிட்டாங்க. வாஸ்துக்காரரும் அந்த மூலைல ஓட்டை ஆகாதுன்னாருங்க." வாஸ்து பார்க்க ஆள் வந்திருக்கிறார். காரில் வந்து, காசு வாங்கிக்கொண்டு, சுவரைச் சுற்றி நடந்து பார்த்திருக்கிறார். அரசாங்கத்தின் சார்பில் அந்தச் சுவரை யாரும் சுற்றி வரவில்லை. சொல்லப்போனால் தமிழ்நாட்டில் சுவர்களைத் தவறாமல் நேரில் பார்வையிடுகிற ஒரே அதிகாரி வாஸ்துக்காரர்தான்.

இன்னொரு கூத்து. 2003லிருந்து மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயம். நல்ல சட்டம், சென்னைக்கு அது உயிர் கொடுத்த சட்டம். ஆனால் சரிவில் நிற்கிற வீட்டிலும் அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்கிறோம். இடம் எங்கே இருக்கிறது? பின்பக்கம், தடுப்புச்சுவரை ஒட்டி. அங்கே உறை இறக்கி, கூரைத் தண்ணீர் மொத்தத்தையும் அதற்குள் விடுகிறோம். சுவரின் முதுகில் தண்ணீரை நாமே ஊற்றுகிறோம். அதற்கு வரைபடத்தில் நீலக் கோடு போட்டு, சரிபார்த்ததற்கு ஒரு டிக்கும் வாங்கிக்கொள்கிறோம்.

இனி நடூருக்கு வருவோம்.

2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூர், ஏ.டி. காலனி. விடிந்தும் விடியாத நேரம், விடாத மழை. மேட்டில் இருந்த வீட்டைச் சுற்றி எழுப்பியிருந்த, ஏறக்குறைய 20 அடி உயரக் கருங்கல் சுவர் பள்ளத்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகளும் உண்டு. எல்லோரும் அருந்ததியர். அந்தச் சுவரைப் பற்றி முன்பே சொல்லியிருந்தோம் என்று அங்கிருந்தவர்கள் அழுதுகொண்டே சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மகளையும் மகனையும் ஒருசேரப் பறிகொடுத்த ஒரு தகப்பன், அந்த நிலையிலும் பிள்ளைகளின் கண்களைத் தானமாகக் கொடுத்தார். அந்த ஊரில் கண் அவசரமாகத் தேவைப்பட்ட இடம் எது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணைத் தாங்க எத்தனை அடிச் சுவர் வேண்டும் என்பதற்குப் பொறியியலில் சூத்திரம் உண்டு. பள்ளத்தில் இருப்பவர்களின் முகம் நம் கண்ணில் படாமல் இருக்க எத்தனை அடி வேண்டும் என்பதற்கு வேறு சூத்திரம். அது எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரப்படுவதில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நடூர் மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே சொன்னார்கள். 'இல்லவே இல்லை, அது வெறும் சுற்றுச்சுவர்' என்று மறுத்தவர்களும் உண்டு. சரி, வெறும் சுற்றுச்சுவர் என்றே வைத்துக்கொள்வோம். சுற்றுச்சுவர் எதற்காக 20 அடி போகிறது? அந்தப் பள்ளத்திலிருந்து யானைப்படையா ஏறி வருகிறது? மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989ல் ஊரையே பிளந்து ஒரு சுவர் எழுந்தது. அதில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் வரை 19 வருஷம் ஆயிற்று. தீண்டாமைச் சுவரை இடிக்க நமக்கு இருபது வருஷம் வேண்டும். மழைக்கு ஒரு ராத்திரி போதும். என்ன, மழை இடிக்கும்போது எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று பார்ப்பதில்லை.

பிறகு நடந்தது சடங்கு. உடல்களை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது, தடியடி நடந்தது. அத்தனை காலம் அந்தச் சுவர் மேல் கை வைக்காத அரசாங்கம், அதற்கு அழுதவர்கள் மேல் ஒரே நாளில் கை வைத்தது. முதலமைச்சர் வந்தார். 4 லட்சம் என்று அறிவித்த நிவாரணம் 10 லட்சம் ஆயிற்று. வீடு தருகிறோம், வேலை தருகிறோம் என்றார்கள். சுவரின் சொந்தக்காரர் கைதானார், பிறகு ஜாமீனில் வெளியே வந்தார். அனுமதி கொடுத்திருந்தால் எந்த மேசை கொடுத்தது, கொடுக்காமலே சுவர் எழும்பியது என்றால் எந்த மேசை பார்த்துக்கொண்டு இருந்தது என்ற கேள்வி மட்டும் வழக்கம்போல் காற்றில் நின்றது.

நம் ஊரில் சுவர் இடிந்தால் முதல் குற்றவாளி மழை. 'கனமழை காரணமாகச் சுவர் இடிந்து' என்றுதான் செய்தி தொடங்கும். அதிகாரிகளுக்கு மழையைப்போல் வசதியான குற்றவாளி கிடைக்க மாட்டான். நிரந்தர முகவரி கிடையாது, வக்கீல் வைக்காது, வாய்தாவுக்கு வராது, மறுப்புத் தெரிவித்துப் பேட்டி கொடுக்காது. இத்தனைக்கும் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வருவது இங்கே சோழர் காலத்துச் செய்தி. வருஷம் தவறாமல் வருகிற விருந்தாளியை எதிர்பாராத அசம்பாவிதம் என்று எழுதுகிற துணிச்சல் அரசாங்கப் பேனாவுக்கு மட்டுமே உண்டு.

லவ்டேலில் அந்தப் பேனாவுக்கும் வழியில்லாமல் போனது. 2024 பிப்ரவரி 7, ஊட்டியை அடுத்த லவ்டேல் காந்தி நகர். பிப்ரவரி மாதம், மலையில் வறண்ட காலம். ஒரு வீட்டுக்குத் தடுப்புச்சுவர் கட்ட மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு பழைய கழிப்பறைக் கட்டடம். அதன் காலடி மண்ணைப் பறித்ததும் அது மண்ணோடு சரிந்து, குழிக்குள் இருந்தவர்கள் மேல் இறங்கியது. 6 பேர் செத்தார்கள். ஆறு பேரும் பெண்கள், கூலி வேலைக்கு வந்தவர்கள். மண் சரியாமல் இருப்பதற்காகக் கட்டுகிற சுவர், முதல் கல் வைப்பதற்குள் ஆறு உயிரை எடுத்துக்கொண்டது. நிவாரணம் தலைக்கு 2 லட்சம். நடூரில் 10, லவ்டேலில் 2. சுவருக்குத்தான் உயரக் கட்டுப்பாடு இல்லை. நிவாரணத்துக்காவது இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

நீலகிரியில் விதி இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. விதிகளின் மேல்தான் அந்த மாவட்டமே உட்கார்ந்திருக்கிறது. 1990லிருந்து மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. 1993லிருந்து மலையிடங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. வனத்துறை, புவியியல்-சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று ஆளுக்கொரு தடையின்மைச் சான்று. வீடு 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. கட்டடத்தின் தோற்றமும் அழகும் மலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கக்கூட ஒரு குழு உண்டு. மேலே எழும்புகிற 7 மீட்டரை டேப் வைத்து அளக்கிறார்கள். கீழே செங்குத்தாக வெட்டி எடுத்தது எத்தனை மீட்டர் என்று யார் அளந்தார்கள்? மண் அள்ளும் இயந்திரம் மலையில் இறங்க வேண்டுமென்றால் கலெக்டரின் அனுமதி வேண்டும். முட்டுக் கொடுக்காத குழிக்குள் ஒரு பெண் இறங்க யாருடைய அனுமதியும் வேண்டாம். 2009 நவம்பரில் இதே மாவட்டத்தில் நிலச்சரிவில் 40க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு ஆபத்தான இடங்கள் என்று 283 இடங்களைக் கணக்கெடுத்துப் பட்டியல் போட்டார்கள். பட்டியல் போடுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அந்தப் பட்டியலை எடுத்து, தூசி தட்டி, பத்திரிகையாளர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, பத்திரமாக உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

இது நீலகிரிக்கும் கோவைக்கும் மட்டுமான சாபம் இல்லை. 2014ல் மௌலிவாக்கத்தில் அடுக்குமாடி இடிந்து 61 பேர் இறந்த எட்டாவது நாள், திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையத்தில் கிடங்கு ஒன்றின் மதில் குடிசைகள் மேல் சாய்ந்தது. ஆந்திராவிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் 11 பேர். 2019 ஜூன் 29 புனே கோந்துவா, ஒரு குடியிருப்பின் சுவர், 15 பேர். அடுத்த மூன்றாம் நாள் மும்பை மலாட், மாநகராட்சியே நீர்த்தேக்கத்துக்குக் கட்டிய சுவர், 30 பேர் சொச்சம். ஒவ்வொன்றிலும் செத்தவர்களின் வரிசையைப் பாருங்கள். தகரக் கொட்டகை, குடிசை, ஓட்டு வீடு. சுவரை எழுப்பியவன் வீட்டு ஆள் ஒருவரும் அந்த வரிசையில் இல்லை. புவியீர்ப்பு விசைக்கு சாதி, வர்க்கம் தெரியாது என்பார்கள். எங்கே குடிசை போட இடம் விடுகிறோம் என்பதை நாம்தானே தீர்மானிக்கிறோம்; அதற்குத் தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது.

வேறு ஊர்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்கள் பின்பற்றுகிற வீட்டுக் கட்டட மாதிரி விதியில், தடுப்புச்சுவருக்கு 4 அடி என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் அனுமதி வேண்டும். அந்த 4 அடியைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது; மண்ணுக்குள் மறைந்திருக்கும் அஸ்திவாரத்தின் அடிப்பாகத்திலிருந்து அளக்க வேண்டும். சுவருக்கு மேல்புறம் கூடுதல் பாரம் ஏதாவது இருந்தால், அந்த 4 அடிச் சலுகையும் கிடையாது. ஒரே ஒரு வாக்கியம்தான். நம் ஜன்னல்காரர் பேனாவை மூடாமல் எழுதி முடித்துவிடக்கூடிய நீளம்.

'அது பணக்கார நாடு' என்பீர்கள். ஹாங்காங்கைப் பாருங்கள். அதுவும் மலை, அதுவும் நெரிசல், அதுவும் சரிவில் ஏழைகள் ஒண்டிக் கிடந்த ஊர். 1972 ஜூன் 18, ஒரே நாளில் இரண்டு இடங்களில் மலை சரிந்து 138 பேர் இறந்தார்கள். 1976ல் மறுபடி 18 பேர். அடுத்த வருஷமே சரிவுகளையும் தடுப்புச்சுவர்களையும் கவனிக்கவென்று தனி அலுவலகம் திறந்தார்கள். இன்று ஏறத்தாழ 60,000 வெட்டுச் சரிவுகளும் சுவர்களும் அங்கே பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொன்றையும் பராமரிக்க ஒரு பொறுப்பாளர். அங்கேயும் அதன் பிறகு சுவர் விழுந்திருக்கிறது, 1994ல் ஐந்து பேர் இறந்தார்கள். விழுந்தபோது எந்தச் சுவர், யாருடைய சுவர் என்று தேட வேண்டியிருக்கவில்லை. நம் நெடுஞ்சாலைப் புளியமரத்துக்குக்கூட வெள்ளையடித்து எண் எழுதியிருக்கிறோம். புளி உலுக்க ஏலம் விட வேண்டுமே. சுவரை உலுக்கினால் எதுவும் தேறாது என்பதால் அதற்கு எண் இல்லை.

இந்த நேரத்தில்தான் நமக்கு சுயசான்று வந்து சேர்ந்தது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் இருக்கிற மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர், இணையத்தில் தானே உறுதி கூறி, பணம் கட்டி, அப்போதே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல திட்டம், அலுவலகப் படியேறி மானம் கெட வேண்டியதில்லை. எனக்கு ஒரே ஒரு குறை. உறுதி கூறுகிறவர் சுவருக்கு மேலே இருப்பவர். கீழே இருப்பவருக்கும் சுயசான்றுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தால் திட்டம் முழுமையடையும். அரசாங்கத்துக்குச் சிரமம் வேண்டாம் என்று படிவத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன்:

'கீழே கையொப்பமிட்டுள்ள, கீழேயே குடியிருக்கிற நான், என் வீட்டுக்கு மேல்புறம் நிற்கும் சுவர் எத்தனை அடி என்பதை அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதில் தண்ணீர் வடியத் துளை இல்லை என்பதையும், வயிறு தள்ளியிருப்பதையும், விரிசலில் அரசமரக் கன்று முளைத்திருப்பதையும் கண்டும் காணாதவனாக இருப்பேன் என்று உறுதி அளிக்கிறேன். மேற்படி சுவர் விழுந்தால் அதை இயற்கைச் சீற்றமாகவே கருதுவேன். இரவில் விழுந்தால் தூங்கியது என் குற்றம். பகலில் விழுந்தால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தது என் குற்றம். உயிரோடிருந்தால் நிவாரணத்துக்கு ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தக நகல்களை மூன்று பிரதிகளில் தருவேன். இல்லாவிட்டால் என் வாரிசு தருவார். வாரிசும் அதே வீட்டில் தூங்கியிருந்தால் தொகையை அரசுக் கணக்கில் திருப்பிச் செலுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.'

விளையாட்டு போதும். என்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஆள் உயரத்தைத் தாண்டுகிற எந்தத் தடுப்புச்சுவருக்கும், காம்பவுண்டு என்று பெயர் மாற்றி வந்தாலும், கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடமும் கையெழுத்தும் இல்லாமல் அனுமதி தரக் கூடாது. உயரத்தை அஸ்திவாரத்திலிருந்து அளக்க வேண்டும். மண் நிரப்புவதற்கு முன் ஒரு தடவை, துளையும் ஜல்லியும் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்க்க வேண்டும். நிரப்பிய பிறகு வந்து பார்த்தால் வாஸ்துதான் பார்க்க முடியும். குழியில் ஆள் இறங்குகிற வேலைக்கு முட்டு இல்லை என்றால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும்: இந்தச் சுவருக்குக் கீழே எத்தனை வீடு, எத்தனை பேர்? அவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரம் தொலைந்தால் பேப்பரில் விளம்பரம் கொடு, ஆட்சேபம் உள்ளவர் வரட்டும் என்கிற நாடு இது. காகிதம் தொலைவதற்கு ஊரைக் கூட்டிக் கேட்கிறவர்கள், உயிர் தொலைவதற்கு முன்னால் அடுத்த வீட்டைக் கேட்டால் என்ன?

இருக்கிற சுவர்களுக்கும் கணக்கெடுக்க வேண்டும். பழைய கருங்கல் சுவர்களில் எத்தனை மழைக்குக் காத்திருக்கின்றன என்று எந்த நகராட்சியாவது எண்ணிப் பார்த்திருக்கிறதா? எண்ணினால் பொறுப்பு வந்துவிடும் என்பதால்தான் எண்ணுவதில்லை என்று நான் நினைக்கிறேன். எழுத்தில் இல்லாத சுவர் விழுந்தால் மழையைச் சொல்லலாம்; எழுத்தில் இருக்கிற சுவர் விழுந்தால் கையெழுத்துப் போட்டவரைச் சொல்ல வேண்டிவரும்.

உங்கள் வீட்டுக்கு மேல்புறம் இப்படி ஒரு சுவர் நிற்கிறதென்றால், ஐப்பசிக்கு முன்னால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். வயிறு தள்ளியிருக்கிறதா, புதுசாக விரிசல் ஓடுகிறதா, துளைகளில் தண்ணீர் வராமல் கல் இடுக்குகளில் கசிகிறதா என்று பார்த்து, தேதி தெரிகிறபடி போட்டோ எடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். சுவரின் உயரம், நீளம், கீழே இருக்கும் வீடுகள், அதில் தூங்குகிற பெரியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று எழுதிக் கொடுங்கள். காம்பவுண்டு என்று எழுதாதீர்கள், தடுப்புச்சுவர் என்றே எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். மனுவையும் சீட்டையும் நகல் எடுத்து ஒன்றை அந்தப் பள்ளத்துக்கு வெளியே இருக்கிற உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். நாளைக்கு மழைதான் காரணம் என்று யாராவது மைக்கில் சொன்னால், எடுத்து நீட்ட ஒருவர் கையிலாவது அது இருக்க வேண்டும்.